நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு கழிப்பறை

1945 ஏப்ரல் 14. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாய். ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் நகருக்கு அப்பால், யு-1206 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் சுமார் 60 மீட்டர் ஆழத்தில் இருந்தது. அதன் கழிப்பறை அமைப்பின் வழியாகக் கடல்நீர் உள்ளே பீறிட்டது. அந்த ஆழத்தில் நீரின் அழுத்தம் மட்டுமே ஏறத்தாழ 6 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். நீர் பாட்டரிகளை எட்டியதும் குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பியது. கப்பல் மேலே வந்தே ஆகவேண்டிய நிலை. வந்ததும் எதிரி விமானங்கள் தாக்கின. மாலுமிகள் கப்பலைக் கைவிட்டனர். நால்வர் உயிர் இழந்தனர்.

"கழிப்பறையால் ஒரு கப்பல் மூழ்குமா?" என்று நீங்கள் வியக்கலாம். 60 மீட்டர் ஆழம்கூட வேண்டியதில்லை. கரையோரம் கட்டிப்போட்ட சிறு பாய்மரப் படகும் ஒரே இரவில் இப்படி மூழ்கிவிட முடியும். அதற்குக் காரணமும், அதைத் தடுக்கும் வழியும் உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கின்றன.

வீட்டுக்கும் படகுக்கும் என்ன வேறுபாடு?

வீட்டில் தண்ணீர்த் தொட்டி உயரத்தில் இருக்கிறது. கழிவுக்குழாய் தாழ்வாக இருக்கிறது. இரண்டு வேலைகளையும் புவியீர்ப்பு விசையே செய்துவிடுகிறது. படகில் நிலைமை வேறு. கழிப்பறைக் கோப்பையின் விளிம்பே பல படகுகளில் வெளிக் கடல்மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கும். இங்கே புவியீர்ப்பு நமக்கு உதவாது, கடலுக்குத்தான் உதவும்.

ஆகவே மோட்டார் தேவைப்படுகிறது. பொத்தானை அழுத்தினால் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து மின்னோட்டம் பாய்கிறது. ஒரு பம்பு, சுமார் 19 மில்லிமீட்டர் குழாய் வழியே கடல்நீரை இழுத்துக் கோப்பையைக் கழுவுகிறது. வேகமாகச் சுழலும் கத்திகள் கழிவைக் கூழாக்குகின்றன. இன்னொரு பம்பு அதை 38 மில்லிமீட்டர் குழாய் வழியே சேமிப்புத் தொட்டிக்கோ கடலுக்கோ தள்ளுகிறது. எங்கு வேண்டுமானாலும் கடலில் விட்டுவிட முடியாது. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் கரையிலிருந்து 3 கடல் மைல்களுக்குள் சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விடச் சட்டம் இடம் தருவதில்லை.

படகின் அடிப்பாகத்தில் இதற்காகத் துளைகள் இடுகிறார்கள். ஒவ்வொரு துளையிலும் கையால் திறந்து மூடும் 'கடல் வால்வு' ஒன்று உண்டு.

வளைத்தால் மட்டும் போதுமா?

கோப்பையின் விளிம்பு கடல்மட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் கீழே இருப்பதாகக் கொள்வோம். கடல் வால்வு திறந்திருந்து, பம்பின் அடைப்பும் தேய்ந்திருந்தால் நீர் தானாகவே உள்ளே வரும். அதன் வேகம் √(2gh). அதாவது √(2 × 9.8 × 0.2), ஏறத்தாழ விநாடிக்கு 2 மீட்டர். குழாயின் உராய்வால் இது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும், 19 மில்லிமீட்டர் குழாயில் மணிக்குச் சுமார் 670 லிட்டர் நீர் வந்து சேரும். எட்டு மணி நேரத்தில் ஐந்து டன்னுக்கு மேல்! படகு தாழத் தாழ உயர வேறுபாடு கூடும்; நீர் இன்னும் விரைவாக வரும்.

"குழாயைக் கடல்மட்டத்துக்கு மேலே உயர்த்தி வளைத்துக் கொண்டுவந்தால் போதுமே" என்று உங்களுக்குத் தோன்றும். நல்ல யோசனைதான், ஆனால் பாதி யோசனை. பம்பு ஒருமுறை ஓடியதும் அந்த வளைவு முழுவதும் நீர் நிரம்பிவிடுகிறது. நீர் நிரம்பிய வளைவு ஒரு சைபன், அதாவது வடிகுழாய். பம்பு நின்ற பிறகும் நீர் வளைவின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு வாளி நீரை மேசைமேல் வையுங்கள். தரையில் காலி வாளி ஒன்றை வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நீரில் முழுவதும் அமிழ்த்தி நிரப்புங்கள். ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்துக் கீழ்வாளியில் விடுங்கள். நீர் வடியத் தொடங்கும். இப்போது குழாயின் உச்சி வளைவில் ஊசியால் ஒரு துளை இடுங்கள். நீர் வெளியே சிந்தும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? சிந்தாது. உச்சியில் குழாயின் உள்ளே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு. ஆகவே காற்று உள்ளே நுழையும். நீர்த்தொடர் அறுந்து ஓட்டம் நின்றுவிடும்.

படகைக் காப்பதும் இந்த ஊசித் துளைதான்! வளைவின் உச்சியில் ஒரு சிறு காற்று வால்வைப் பொருத்துகிறார்கள். அது காற்றை உள்ளே விடும். பம்பு தள்ளும் நீரை வெளியே விடாது. நீர் வரும் குழாய், கழிவு போகும் குழாய் இரண்டுக்கும் இது வேண்டும். படகு சாயும்போதும் உச்சி கடல்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். நீர் வரும் குழாயில் இந்த வளைவு பம்புக்கும் கோப்பைக்கும் நடுவில் அமைய வேண்டும். பம்புக்கு முன்னால் வைத்தால், பம்பு கடல்நீருக்குப் பதில் காற்றையே உறிஞ்சும்.

மெல்லிய கம்பி செய்யும் தீங்கு

இனி மின்சுற்றைக் காண்போம். மோட்டார் 20 ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். திறன் 240 வாட்தான். வீட்டின் 230 வோல்ட்டில் இதற்குச் சுமார் 1 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் தேவைப்படுகிறது. இங்கேதான் ஓம் விதி குறுக்கிடுகிறது.

பாட்டரி 5 மீட்டர் தொலைவில் இருந்தால், போகவும் வரவும் கம்பியின் நீளம் 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.07 ஓம். 20 ஆம்பியர் பாயும்போது 1.4 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.35 வோல்ட்தான். எனவே தடித்த கம்பி ஆடம்பரமன்று, அவசியம். பாட்டரிக்கு மிக அருகில் தக்க ஃப்யூஸ் ஒன்றும் வேண்டும்.

பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பொத்தானை அழுத்தியும் ஓசையே இல்லையா? முதலில் ஃப்யூஸையும் இணைப்புகளையும் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்த ஓர் இணைப்பின் தடை 0.1 ஓம் என்றால், 20 ஆம்பியரில் அங்கே 2 வோல்ட் இழப்பு. 40 வாட் வெப்பம். மோட்டார் ஓடாதபோது அளந்தால் வோல்ட் மீட்டர் 12.6 என்றே காட்டி ஏமாற்றும். மின்னோட்டம் இல்லையேல் மின்னழுத்த இழப்பும் இல்லை அல்லவா? எனவே பொத்தானை அழுத்தியபடியே, மோட்டாரின் முனைகளில் அளக்க வேண்டும்.

மோட்டார் முனகுகிறது, ஆனால் சுற்றவில்லையா? கத்தியில் ஏதோ சிக்கியிருக்கிறது. உடனே கையை எடுத்துவிடுங்கள். சுழலும் மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை தோன்றி மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. சுழற்சி நின்றால் அந்த விசை இல்லை; மின்னோட்டம் பல மடங்காகும். ஃப்யூஸ் எரியும், இல்லையேல் சுருள் எரியும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகே திறந்து பார்க்க வேண்டும்.

மோட்டார் நன்றாக ஓடியும் கோப்பை காலியாகவில்லையா? கடல் வால்வு மூடியிருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம். புதிதாகப் பொருத்தியதாயின் நேர், எதிர் முனைகள் மாறியிருக்கலாம். நிலைக்காந்த மோட்டார் அப்போது எதிர்த் திசையில் சுற்றும். காலியான கோப்பையில் நீர் மெதுவாகத் திரும்ப ஏறுகிறதா? வெளியேறும் வாயில் பறவை அலகுபோல் இருக்கும் ரப்பர் வால்வு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

குழாய்க்குள் வளரும் கல்

கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா தோன்றும்போது நீர் காரத்தன்மை அடைகிறது. கால்சியம் உப்புகள் குழாயின் உட்சுவரில் கல்லாகப் படிகின்றன. 38 மில்லிமீட்டர் வழி 25 ஆகச் சுருங்கினால் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். அவ்வப்போது வினிகரை ஊற்றி இரவு முழுவதும் விட்டுவைத்தால் இளம் படிவு கரையும். ஆனால் அமிலத்தோடு வெளுப்புத் திரவத்தைச் சேர்க்கவே கூடாது. யு-1206-இல் மாலுமிகளைத் திணறடித்த அதே குளோரின் இங்கும் வெளிப்படும்.

உச்சியிலுள்ள காற்று வால்விலும் உப்புப் படிகங்கள் அடையும். அது அடைத்துக்கொண்டால் நம் ஊசித் துளை மூடிப்போயிற்று என்று பொருள். மீண்டும் சைபன் உயிர்பெறும். அதை அடிக்கடி கழற்றி நன்னீரில் கழுவ வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு எஞ்சியிருப்பது ஒரு பழக்கம். அனுபவமுள்ள படகோட்டி படகை விட்டு இறங்குமுன் குனிந்து கடல் வால்வுகளை மூடுகிறார். ஒருவேளை வால்வே உடைந்தால் துளையில் அடித்து இறுக்க, அதன் அருகிலேயே கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். மோட்டார் பழுதானால் சங்கடம் மட்டுமே. வால்வை மூட மறந்தால் படகே போய்விடலாம். கடல் எந்த நேரமும் தன் மட்டத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது என்பதை அவர் மறப்பதில்லை. ஊசித் துளைச் சோதனையைச் செய்து பார்த்தால் நீங்களும் மறக்கமாட்டீர்கள்.