ஏலத்திற்கு வரும் முகங்கள்

கலைகளுள் வயதில் இளையவற்றுள் ஒன்று ஒளிப்படக் கலை. டாகேர் கண்ட முறை பாரிசில் உலகறிய வெளியிடப்பட்டது 1839ஆம் ஆண்டில்தான். எனினும், பழைய ஓவியங்களுக்குப் போலவே பழைய ஒளிப்படங்களுக்கும் இன்று ஏலத்தில் பெருமதிப்பு உண்டு. மான் ரே 1924இல் எடுத்த ஒரு பெண்ணின் படம், 2022ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிலையத்தார் நடத்திய ஏலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஒரு தாளுக்கு இவ்வளவு விலையா? நெகட்டிவ் இருந்தால் எத்தனை படிகள் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமே? இந்த ஐயம் எழுவது இயல்பே. அதற்கு விடை காண முயல்வோம்.

மூலப் படி என்பது யாது?

ஒளிப்படக் கலைஞர் படம் எடுத்த காலத்தை ஒட்டித் தாமே, அல்லது தம் மேற்பார்வையில், அச்சிட்ட படியையே சேகரிப்பாளர்கள் மூலப் படியாகக் கொள்கின்றனர். ஐம்பது ஆண்டு கழித்து அதே நெகட்டிவிலிருந்து பிறர் எடுத்த படி பார்வைக்கு அழகாக இருக்கலாம். விலையில் அது மிகவும் தாழ்ந்தது. டாகேர் முறையிலோ நெகட்டிவே கிடையாது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் விழுந்த உருவம் ஒன்றே ஒன்றுதான்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பெருவழக்காக இருந்தது ஆல்புமின் படி. மெல்லிய தாளில் உப்புக் கலந்த முட்டை வெண்கருவைப் பூசி உலர்த்துவார்கள். பின்னர் அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் மிதக்க விடுவார்கள். தாளின் மேல் வெள்ளி குளோரைடு உண்டாகும். கண்ணாடி நெகட்டிவை அதன்மீது வைத்து வெயிலில் காட்டினால் உருவம் தோன்றும். நெகட்டிவின் அளவே படத்தின் அளவு. இறுதியில் ஹைப்போக் கரைசலில் இட்டு, மிஞ்சிய வெள்ளி உப்பை நீக்கித் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். கழுவுவதில் குறை நேர்ந்தால், தாளில் தங்கிய ஹைப்போவின் கந்தகம் வெள்ளியைத் தாக்கும். படம் மஞ்சளித்து மங்கும். ஆகவே நிறம் மங்காத பழைய ஆல்புமின் படி கிடைப்பது அரிது.

ஏலம் நடைபெறும் விதம்

நம் ஊர்ச் சந்தையில் "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூவுவதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. முதலில் விலைப்பட்டியல் நூல் ஒன்று வெளிவரும். ஒவ்வொரு படத்திற்கும் எண், எடுத்தவர், ஆண்டு, அளவு, மதிப்பீட்டு விலை ஆகியவை அதில் இருக்கும். அப்படம் இதுவரை யார் யார் கையில் இருந்தது என்ற வரலாறும் இடம்பெறும். விற்பவர் ஒரு குறைந்த விலையைக் கமுக்கமாகக் குறித்துக் கொடுத்திருப்பார். அதை எட்டாவிட்டால் படம் விற்பனை ஆகாது. சுத்தியல் விழுந்த விலையோடும் முடிவதில்லை. பல நிலையங்களில் அதற்குமேல் கால் பங்கு அளவுக்குக் கட்டணம் சேரும்.

அறிந்தவர்கள் ஏலத்திற்கு முன்பே சென்று, உருப்பெருக்கிக் கண்ணாடியால் படத்தை ஆராய்வார்கள். கிழிசல், கறை, ஒட்டு வேலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார்கள். படத்தின் முன்புறத்தைவிடப் பின்புறத்தை நெடுநேரம் பார்ப்பவர்களும் உண்டு. முத்திரை, கையெழுத்து, பெயர் ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

போலியைக் காட்டிக்கொடுத்த ஒளி

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் 1940இல் மறைந்தார். அவர் காலத்துப் படிகள் என்று விற்கப்பட்டவை பற்றி 1990களின் பிற்பகுதியில் ஐயம் எழுந்தது. புற ஊதாக் கதிரின்கீழ் வைத்தபோது அவற்றுள் பல நீலமாக ஒளிர்ந்தன. தாளை வெண்மையாகக் காட்டும் அத்தகைய வேதிப்பொருள் ஒளிப்படத் தாள்களில் சேர்க்கப்பட்டது 1950களில்தான். இறந்தவர் அத்தாளில் அச்சிட்டிருக்க இயலுமா? கண்ணை ஏமாற்றியது வேதியியலை ஏமாற்ற முடியவில்லை.

ஓர் ஆல்பத்தின் கதை

கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். நாற்பத்தெட்டு வயதில், 1863இல், மகளும் மருமகனும் பரிசளித்த காமிராவோடு இங்கிலாந்தில் தம் கலையைத் தொடங்கினார். டென்னிசன், டார்வின் ஆகியோரின் முகங்களை நமக்கு விட்டுச் சென்றவர் அவர். தம் படங்களை ஓர் ஆல்பமாகத் தொகுத்து, 1864இல் நண்பர் ஜான் ஹெர்ஷலுக்கு அளித்தார். ஹைப்போ வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று 1819இல் கண்டறிந்த அதே ஹெர்ஷல்தான் இவர்.

அந்த ஆல்பம் 1974இல் லண்டன் சோத்பீஸ் ஏலத்திற்கு வந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர் சாம் வாக்ஸ்டாஃப் 52,000 பவுன் கொடுத்து எடுத்தார். ஆனால் அதை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்ல அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1975இல் லண்டன் தேசிய உருவப்படக் கூடம் அதை வாங்கிற்று. இன்று அது பிராட்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தனியார் சேகரிப்பது தீது என்று இதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. வாக்ஸ்டாஃப் சேகரித்த ஆயிரக்கணக்கான படங்கள் 1984இல் கெட்டி அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. பிறர் குப்பையென ஒதுக்கிய காலத்தில் விலை கொடுத்துக் காத்தவர்களும் இத்தகையோரே.

பெயரற்ற முகங்கள்

கேமரன் 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே மறைந்தார். அக்குடும்பத்துக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. தமிழகத்திலிருந்து கடல் கடந்த கூலிகளின் உழைப்பில் இலங்கைக் காப்பி வளர்ந்த காலம் அது. அவர் அங்கு எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு என்பர். அவற்றில் உள்ளூர் மக்களும் தோட்டத் தொழிலாளரும் காட்சி தருகின்றனர். டென்னிசனின் படத்தில் பெயர் உண்டு. இவர்களுள் பெரும்பாலோர்க்குப் பெயர் இல்லை. காமிரா முன் அசையாமல் நின்ற பொறுமை இருவர்க்கும் ஒன்றே. ஒருவரின் பெயரை எழுதத் தோன்றியது. மற்றவரின் பெயரை எழுத எவர்க்கும் தோன்றவில்லை. ஏலத்தில் படம் விலை ஏறலாம். தொலைந்த பெயரை எந்த விலைக்கும் மீட்க இயலாது.

நம்மில் பலர் வீடுகளில் பாட்டன் பாட்டியின் படம் ஒன்றேனும் சுவரில் தொங்குகிறது. அது ஏலத்திற்குப் போகப் போவதில்லை. ஆயினும் அவர்களை அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, பின்புற அட்டையில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதி வைப்போம். ஈரச்சுவரிலிருந்தும் நேர் வெயிலிலிருந்தும் படத்தை விலக்கி மாட்டுவோம். எழுதப் படிக்கத் தெரிந்த முதல் தலைமுறை செய்யத்தக்க சிறு கடன் இது.