‘இயற்கையில் அழியும்’ சலவைத்தூள்: எத்தனை நாளில், எந்தத் தண்ணீரில்?

சலவைத்தூள் பக்கற்றுகளிலும் பாத்திரம் கழுவும் திரவப் போத்தல்களிலும் ‘இயற்கையில் அழியக்கூடியது’ என்றொரு வரியைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் எத்தனை நாளில், எப்படிப்பட்ட நீரில் என்பதை அந்த வரி சொல்வதில்லை. பீலித் தண்ணீரை நம்பி வாழும் ஊவாத் தோட்டங்களுக்கு அதுதான் கேள்வியே.

அழுக்கை எடுக்கும் இரசாயன மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு. பற்றீரியாக்கள் அந்த வாலை நுனியிலிருந்து கடித்துத் தின்கின்றன. 1950களில் வந்த சலவைத்தூள்களில் வால் கிளை கிளையாக இருந்தது. பற்றீரியாக்களால் அதைக் கடிக்க முடியவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் நுரை மலைபோல் எழுந்தது. ஜெர்மனி 1961இல் சட்டம் கொண்டு வந்து 1964இல் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965இல் நேரான வாலுள்ள மூலப்பொருளுக்கு மாறினார்கள். இன்று நாம் வாங்கும் தூள்களில் பெரும்பாலும் இருப்பது அதுவே.

அழிகிறதா என்று சோதிப்பது எப்படி? கனிய உப்புக் கரைசலில் அந்தப் பொருளை மட்டுமே உணவாக வைத்து, கொஞ்சம் பற்றீரியாவைச் சேர்த்து, 20 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே 28 நாள் வைப்பார்கள். அதற்குள் எவ்வளவு ஒட்சிசன் செலவானது, அல்லது எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளிவந்தது என்று அளப்பார்கள். முழுதும் எரிந்தால் வரவேண்டிய அளவில் 60 வீதத்தைத் தொட்டால் சித்தி. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் சலவைப் பொருட்களுக்கு விதித்த அளவும் இதுதான்.

நுரை நின்றுவிட்டால் பொருள் போய்விட்டது என்று என் மாணவர்களும் சொல்வார்கள். அப்படியல்ல. வாலின் ஒரு துண்டு போனாலே நுரைக்கும் தன்மை நின்றுவிடும். மீதி நீரிலேயே கிடக்கும். மெத்திலீன் நீலம் கொண்டு செய்யும் சோதனையும் இந்த முதற்கட்டத்தை மட்டுமே காட்டும். நோனைல்பீனோல் வகைப் பொருட்கள் முதற்கட்டத்தைக் கடந்த பின் மிஞ்சும் துண்டுதான் மீன்களின் ஓமோன்களைக் குழப்புகிறது. (மறுபுறம், துன்ஹிந்தையின் அடியில் காணும் நுரையெல்லாம் சவர்க்காரம் என்று எண்ணிவிட வேண்டாம். உக்கிய இலைச் சாறும் நுரைக்கும்.)

இப்போது நம் மலைக்கு வருவோம். போத்தலுக்குள் 28 நாள் அவகாசம் இருந்தது. மேல் லயத்து ஓடையில் துவைத்த நீர் கீழ் லயத்துப் பீலிக்கு வர அரை மணி நேரம் போதும். அதற்குள் எந்தப் பற்றீரியா என்ன செய்யும்? கானில் தேங்கி நாறும் சேற்றில் நிலைமை இன்னும் மோசம். ஒட்சிசன் இல்லாத இடத்தில் நேரான வாலுள்ள அந்தப் பொருளும் அநேகமாக அழிவதில்லை.

தேயிலைக்கு அடிக்கும் மருந்திலும் இதே இனப் பொருட்கள் உண்டு. கிளைபோசேற்று 2015இல் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது எல்லோரும் களைநாசினியைப் பற்றியே வாதாடினோம். அதை இலையில் ஒட்டவைக்கச் சேர்க்கும் கொழுப்பு அமைன் பொருளை யாரும் பேசவில்லை. மீனுக்குக் கூடுதல் நஞ்சாவது அதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் கிளைபோசேற்றுக் கலவைகளில் அதை விலக்கியது. மருந்து டாங்கியை ஓடையில் அலசுவதை நிறுத்தத் துரைமார் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

துணி துவைப்பதை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் துவைத்த நீரை ஓடையில் விடாமல் தள்ளி, காற்றோட்டமுள்ள மண்ணில் ஊறவிடலாம். மண்ணில் இந்த மூலக்கூறுகள் நன்றாகவே அழிகின்றன. நோன்பு மாதத்தில் கஞ்சிச் சட்டிகள் கழுவும் நம் பள்ளிவாசல்களும் கானுக்குப் பதிலாக வாழை மரத்தடிக்கு ஒரு குழாய் போடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பீலி நீரை எடுத்துப் போகும் நாளில், கிருமிச் சோதனையோடு சலவைப் பொருளுக்கான சோதனையையும் கேட்டுப் பாருங்கள்.