கழுகுமலை: கரிசல் நிலத்தில் ஒரு நாள் நடை

கழுகுமலை தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், சங்கரன்கோவில் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. சுற்றிலும் கரிசல் காடு. நடுவே ஒற்றைப் பாறையாக ஒரு குன்று. இந்தக் குன்றில் பாண்டியர் காலத்து ஒற்றைக்கல் கோயிலான வெட்டுவான் கோயிலும், சமண தீர்த்தங்கரர் சிற்பங்களும், அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி என்னும் முருகன் கோயிலும் உள்ளன. இராமாயணத்துச் சடாயுவின் அண்ணன் சம்பாதி இங்கு முருகனை வழிபட்டதால் கழுகுமலை என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறுகிறது.

எங்கள் பக்கத்தில் பள்ளிச் சுற்றுலா என்றால் கொடைக்கானல், குற்றாலம், கன்னியாகுமரி என்றுதான் பட்டியல் போடுவார்கள். "கரிசலில் பார்க்க என்ன இருக்கு?" என்று ஆசிரியர்களே கேட்பதுண்டு. கழுகுமலைக்குப் போனவர்களிலும் பலர் முருகனைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவார்கள். மேலே ஏறாமல் திரும்புகிறவர் இந்த ஊரில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

எப்போது போகலாம்?

இப்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலம். மழைக்காலத்தில் கரிசல் மண் நீரை உறிஞ்சி உப்பும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நல்ல மழை பெய்த மறுநாள் காட்டுப்பாதையில் இறங்கினால் மண் செருப்போடு அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. சித்திரை, வைகாசியில் பாறை சுடும். ஆகவே மார்கழி முதல் மாசி வரை, அதாவது டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை, நடப்பதற்கு ஏற்ற காலம். அப்போது சுற்றிலும் கம்பு, சோளம், உளுந்து, பாசி, மல்லி, பருத்தி, மிளகாய் எனப் பயிர்கள் நிற்கும். வறண்ட பூமி என்று பெயர் வாங்கிய இடம் இதுதானா என்று தோன்றும்.

வெட்டுவான் கோயில்

குன்றில் சிறிது தூரம் ஏறினால் வெட்டுவான் கோயிலை அடையலாம். இது கி.பி. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் குடையப்பட்டது. கல்லை அடுக்கிக் கட்டிய கோயில் அன்று. மலைச்சரிவில் மூன்று பக்கமும் ஏறத்தாழ 7.5 மீட்டர் ஆழத்துக்கு அகழி போல வெட்டி, நடுவில் விட்ட பாறையைக் கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் இராட்டிரகூடர் எல்லோராவில் கயிலாசநாதர் கோயிலை இதே முறையில் வெட்டினார்கள். மாமல்லபுரத்து ஐந்து இரதங்களும் ஒற்றைக்கல் கோயில்களே. ஆனால் அவை தரைமேல் நின்ற பாறைகளில் செதுக்கப்பட்டவை. மலைக்குள் அகழி இறக்கி வெட்டிய வகையில் கழுகுமலைக்கு நெருங்கிய உறவு எல்லோராதான்.

கட்டடம் என்றால் அடித்தளத்தில் தொடங்கிக் கலசத்தில் முடியும். இங்கே வேலை தலைகீழ். முதலில் சிகரம், பிறகு கழுத்து, பிறகு சுவர், கடைசியாக அடித்தளம். மேலிருந்து வெட்டிக்கொண்டே இறங்கினால் சாரம் கட்ட வேண்டியதில்லை. வெட்டாத பாறையே நின்று வேலை செய்ய மேடையாகிவிடும். தவறு நேர்ந்தால் மட்டும் கல்லை மாற்ற முடியாது. இதை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகளுக்கு விளங்காது. இங்கே பார்த்தவுடன் விளங்கிவிடும், ஏனென்றால் கோயில் முடிக்கப்படாமல் நிற்கிறது. மேல்பகுதி மெருகுடன் முழுமையாக இருக்கிறது; கீழே வரவர உளித்தடம் தெரியும் கரடுமுரடான பாறை. முடிந்திருந்தால் செய்முறை மறைந்து போயிருக்கும். அந்த வகையில் இது அரைகுறையாக நின்றது படிக்க வருகிறவர்களுக்கு ஆதாயம்.

விமானத்தின் தென்புறத்தில் உள்ள தட்சிணாமூர்த்தியை அவசியம் பாருங்கள். வேறு கோயில்களில் ஆலமரத்தடியில் உபதேசம் செய்பவர், இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். உமையுடன் அமர்ந்த சிவன், நரசிம்மர், பிரமன், மூலைகளில் நந்திகள், வரிசையாகக் குறும்பு செய்யும் பூதகணங்கள் என்று கண்ணுக்கு வேலை நிறைய. பூதகணங்களில் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை.

வேலை ஏன் நின்றது என்பதற்கு ஊரில் ஒரு கதை வழங்குகிறது. தந்தை மலைமேல் ஒரு கோயிலும் மகன் கீழே ஒரு கோயிலும் வெட்டினார்களாம். மகன் முந்திக்கொண்டான் என்று ஊரார் பேசக் கேட்ட தந்தை, ஆத்திரத்தில் உளியால் மகனைக் கொன்றுவிட்டாராம்; அத்துடன் மேலே வேலை நின்றதாம். சொல்பவரைப் பொறுத்துக் கதை மாறும். பெரிய சிற்ப வேலை உள்ள இடங்களில் சிற்பியான தந்தையும் மகனும் வருகிற கதைகள் பிறப்பது வழக்கம். கர்நாடகத்துப் பேலூரிலும் ஒடிசாவின் கொனாரக்கிலும் இத்தகைய கதைகள் உண்டு. ஆகவே இதைக் கதையாகக் கேட்கலாம். தேர்வுத்தாளில் வரலாறாக எழுத வேண்டாம்.

சமணப் பள்ளியும் பெண் ஆசிரியர்களும்

அங்கிருந்து பாறையில் நடந்தால் அய்யனார் கோயிலை ஒட்டிய பாறை முகப்பில், வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் தெரியும். பெரும்பாலானவை கை அகலத்துக்குச் சற்று மேற்பட்ட சிறு மாடங்களில் தியானத்தில் அமர்ந்தவை. பெரிய சிற்பங்களும் உண்டு. பாம்புப் படம் குடையாக விரிய நிற்கும் பார்சுவநாதர், அவர்மேல் எறியக் கல்லைத் தூக்கிய கமடன், தங்கைமார் இருவர் நடுவே கொடி படர நிற்கும் பாகுபலி, சிங்கத்துடன் நிற்கும் அம்பிகா இயக்கி ஆகியவை குறிப்பிடத்தக்கவை. திருநெல்வேலிச் சீமையில் ஊருக்கு ஊர் வணங்கப்படும் இசக்கியம்மனின் பெயர் 'இயக்கி' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுவர்.

சிற்பங்களைவிட அவற்றின் கீழே உள்ள எழுத்துகள்தாம் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. ஏறத்தாழ நூறு சிறு கல்வெட்டுகள் வட்டெழுத்தில் உள்ளன. பாண்டிய நாட்டில் சோழராட்சி வேரூன்றும்வரை பெருவழக்காக இருந்த எழுத்து அது. 'இன்னார் மாணாக்கர் இன்னார் செய்வித்த திருமேனி' என்பது இவற்றின் பொதுவான அமைப்பு. அதாவது ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் சேர்ந்தே வருகின்றன. இது வெறும் வழிபாட்டிடமாக இல்லாமல் கற்பிக்கும் இடமாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். சித்தாந்தம் உரைக்கும் துறவிகளுக்கு உணவளிக்கக் கொடை தந்த செய்தியும் இங்கே உண்டு.

அந்த ஆசிரியர்களில் பெண்களும் இருந்தார்கள். கல்வெட்டுகளில் இவர்கள் 'குரத்தி' எனப்படுகிறார்கள். ஆசிரியர் என்று பொருள்படும் 'குரவர்' என்பதன் பெண்பால் இது. திருச்சாரணத்துக் குரத்திகள், நாற்கூர்க் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் என ஊர்ப்பெயருடன் குறிக்கப்படுகிறார்கள். திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அவ்வளவு தொலைவிலிருந்தும் இங்கே தொடர்பு இருந்திருக்கிறது. இந்தக் குரத்திகளுக்கு ஆண் மாணாக்கரும் இருந்தனர். 1,200 ஆண்டுகளுக்கு முன் நம் கரிசல் சீமையில் பெண்கள் ஆசிரியராக மதிக்கப்பட்டு, அவர்கள் பெயர் கல்லில் வெட்டப்பட்டது என்பதை, பக்கத்து ஊர்களில் படிக்கும் மாணவிகளில் எத்தனை பேர் அறிவார்கள்? பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படிப்பதைவிட, அந்தக் கல்லின் முன் நின்று படிப்பது மனத்தில் நிற்கும்.

எழுத்துகள் ஆழமற்றவை. உச்சிவெயில் நேராக விழும்போது ஒன்றும் தெரியாது. வெயில் சாய்வாக விழும்போது, அல்லது ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கும்போது, ஒவ்வொரு கீறலும் நிழல் கொண்டு எழும்பித் தெரியும். நிழற்படம் எடுப்பதும் அப்போதுதான் நல்லது. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டி தேய்ப்பது, மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது எதுவும் கூடாது, கல் கெடும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது. தன் பெயரைக் கல்லில் கீறுவது சட்டப்படி குற்றம் என்பதை மாணவர்களிடம் ஏறும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மலையின் உச்சியில் ஒரு பிள்ளையார் கோயில் உள்ளது. அங்கிருந்து பார்த்தால் கரிசல் காடும் கண்மாய்களும் நாற்புறமும் விரியும்.

முருகன் கோயிலும் மலைவலமும்

கழுகாசலமூர்த்தி கோயிலின் கருவறை மலையைக் குடைந்து அமைக்கப்பட்டது, மலையே விமானம். ஒரு முகமும் ஆறு கைகளுமாக மயில்மேல் அமர்ந்த முருகன் இங்கு மூலவர். கருவறையைச் சுற்றிவர இடமில்லாததால் மலையையே சுற்றி வருவது வழக்கம். பௌர்ணமி நாளில் கூட்டமாகச் சுற்றுவார்கள். மற்ற நாளில் விடியற்காலை சுற்றினால் பாதை அமைதியாக இருக்கும். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் பெரிய விழாக்கள். நடைக்காக மட்டும் வருகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

1891இல் இளம் வயதிலேயே மறைந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து இந்த முருகனைப் பற்றியதே. ஊற்றுமலை ஜமீன்தார் மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது வழிநடையாகப் பாடப்பட்டது என்பர். நடந்துகொண்டே பாடுவதற்கான சந்தம் அது. வாய்விட்டுப் பாடிக்கொண்டு நடந்து பார்த்தால் அடிக்கு ஓர் எட்டு பொருந்துவது தெரியும்.

சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 65,000 கி.மீ. நீள நடைப்பாதைகளுக்கு மஞ்சள் பலகைகள் வைத்திருக்கிறார்கள். பலகையில் தொலைவைவிட நடக்க ஆகும் நேரத்தையே எழுதுவார்கள். சிற்றூர்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. கழுகுமலை அடிவாரத்தில் வெட்டுவான் கோயிலுக்கு இத்தனை நிமிடம், சமணச் சிற்பங்களுக்கு இத்தனை நிமிடம், மலைவலத்துக்கு இத்தனை நிமிடம் என்று ஒரு பலகை, கூடவே இரண்டு மூன்று கல்வெட்டுகளின் வாசகம் இக்காலத் தமிழில் என்று வைத்தால் பெரிய செலவு ஆகாது. கீழேயே திரும்பிவிடுகிறவர்களில் சிலராவது மேலே ஏறுவார்கள்.

காடும் பறவைகளும்

ஊரைத் தாண்டிக் காட்டுப்பக்கம் நடந்தால் குடை பிடித்தாற்போல் உடைமரங்களும் பனைகளும் நிற்கும். சீமைக்கருவேலமும் உண்டு, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். மயிலும் பனங்காடையும் ஆண்டு முழுதும் தென்படும். குளிர்காலத்தில் நடு ஆசியாவின் புல்வெளிப் பகுதிகளிலிருந்து சோளப்பட்சிகள் பெருங்கூட்டமாக வந்து சேரும். மாலையில் அவை அடையும்போது வானத்தில் புகை சுழல்வது போலிருக்கும். பூனைப்பருந்துகளும் அப்போது வருபவைதாம். தரைக்குச் சற்று மேலே, இறக்கையை அதிகம் அசைக்காமல் வயலை உரசிக்கொண்டு பறப்பவை. வெட்டுக்கிளிகளைத் தின்பதால் விவசாயிக்கு நண்பன். தரிசுப் புல்வெளியில் தரையிலேயே அடைபவை ஆதலால், மாலை மங்கும் நேரத்தில் அத்தகைய இடத்துக்குள் நுழைய வேண்டாம்.

இன்னொரு நாள் இருந்தால்

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் எட்டயபுரம் உள்ளது. 1882 டிசம்பர் 11 அன்று பாரதியார் பிறந்த வீடும், 1947 அக்டோபரில் திறக்கப்பட்ட பாரதி மணிமண்டபமும், 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நினைவிடமும், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலமும் ஒரே ஊரில் இருப்பதால் நடந்தே பார்க்கலாம். தெற்கே திருநெல்வேலி சாலையில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல். இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். அதே சாலையில் மேலும் சென்றால், 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு.

செல்வோர் கவனத்திற்கு

கோவில்பட்டி மதுரை–திருநெல்வேலி இரயில் பாதையில் உள்ளது. அங்கிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் கழுகுமலைக்குப் பேருந்து உண்டு. காலை ஏழு மணிக்குள் மலையேறத் தொடங்கி, முதலில் சமணச் சிற்பங்கள், இறங்கும் வழியில் வெட்டுவான் கோயில், பிறகு முருகன் கோயில் என்று வைத்துக்கொண்டால் பாறை சுடும் முன் இறங்கிவிடலாம். நடை சாத்தும் நேரத்தைக் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாறையில் நிழல் குறைவு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். தொப்பியும் பிடிப்புள்ள செருப்பும் இருக்கட்டும். பையில் நாலு கடலைமிட்டாய் போட்டுக்கொண்டால் பசி தாங்கும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய் பேருந்து நிலையத்து அருகிலேயே கிடைக்கும். அதன் தாளை மட்டும் மலையில் போட்டுவிட்டு வராதீர்கள்.