காக்கரிக்கோ கிராமமும் நம் தோட்டத்து லயமும்

கிராமத்தை வருணிக்கச் சொன்னால் மாணவர் பலர் வயலும் ஓடையும் எழுதி முடித்துவிடுகிறார்கள். ஊரில் ஆளே இருக்காது! அவர்கள் ஆடும் விளையாட்டைக் கொண்டே இதைத் திருத்தலாம்.

நிண்டெண்டோ 2017இல் வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டில் காக்கரிக்கோ என்ற மலைக்கிராமம் உண்டு. சும்மா சுற்றினால் வீடும் வயலும்தான் தெரியும். நின்று பேசினால்தான் ஊர் புரியும். ஒருவர் பூசணி போடுகிறார், இன்னொருவர் கேரட், இருவருக்கும் போட்டி. ஒருவரின் கோழிகள் ஓடிவிட்டன, பிடித்துத் தரவேண்டும். கோக்கோ என்ற சிறுமி சமைக்கிறாள். ஏன்? அம்மா இறந்துவிட்டார், தங்கைக்கு அது தெரியாது.

கட்டுரைக்கும் இதே வழிதான்: ஆளைக் காட்டுங்கள், அவர் வேலையைச் சொல்லுங்கள், பிறகு அவரைப் பேசவிடுங்கள்.

பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயத்தில் வாழ்ந்த பாட்டியிடம் மாணவர்கள் கேட்கட்டும்: பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க? பக்கத்து வீட்டில் யார் இருந்தாங்க? பால் வெட்டப் போனால் பிள்ளையை யார் பார்த்தாங்க?

காக்கரிக்கோ மக்கள் எப்போது போய்க் கேட்டாலும் பதில் சொல்வார்கள். பாட்டியிடம் இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள், மாணவர்களே.