சறுக்கப் பழகும் பிள்ளைக்கு எந்தச் சில்லு?

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வளரும் பிள்ளை ஸ்கேட்போர்டோடு வந்து "சறுக்கிப் பழக வேற சில்லு வேணும்" என்று கேட்டால், தாய் தகப்பனுக்கு முதலில் வருவது பயம்தான். வேகமாக ஓடும் பலகையைக் குறுக்கே திருப்பி வீதியில் இழுபட விடுவது, பார்ப்பவர்களுக்கு விசர் விளையாட்டாகவே தெரியும். ஆனால் ஸ்கேட்போர்டில் பிரேக் கிடையாது. மெதுவாகப் போகும்போது ஒரு காலைத் தரையில் உரசி நிறுத்தலாம். அதைத்தான் பிள்ளை முதலில் பழக வேண்டும். இறக்கத்தில் வேகம் கூடிவிட்டால் காலை வைப்பதே ஆபத்து. அப்போது சில்லுகளைக் குறுக்கே திருப்பிச் சறுக்கவிட்டே வேகத்தைக் குறைக்கிறார்கள். கலிபோர்னியாவின் பேர்க்லி மலைச்சரிவு வீதிகளில் ஓடிய கிளிஃப் கோல்மன் என்பவரின் பெயராலேயே, குந்தியிருந்து கையைத் தரையில் ஊன்றிச் சறுக்கி நிற்கும் முறை இன்றும் அழைக்கப்படுகிறது. பழகுபவர்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கிறவல் வீதியில் சைக்கிளின் பின்பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சறுக்கி விளையாடியவர்களுக்கு மீதி இலகுவில் விளங்கும். சில்லு பிடியை விடுவதால் மட்டும் ஆள் விழுவதில்லை. எப்போது விடும், எப்போது திரும்பப் பிடிக்கும் என்று தெரியாதபோதுதான் விழுகிறார். பழகுபவருக்கு வேண்டியது மெல்ல விட்டு மெல்லப் பிடிக்கும் சில்லு.

முன்னர் களிமண் கலவையிலும் இரும்பிலும் செய்த சில்லுகளே இருந்தன. சிறு கல் ஒன்று தட்டுப்பட்டாலே ஆளைத் தூக்கி எறிந்துவிடும். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வேர்தி பொலியூரித்தேன் சில்லுகளை விற்கத் தொடங்கியபின் நிலைமை மாறியது. இன்று கடையில் இருப்பவை எல்லாம் அந்த வகையே.

சில்லின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று விட்டம், மில்லிமீற்றரில். மற்றையது கடினம்; 78ஏ, 99ஏ என்று எழுதியிருப்பார்கள். எண் கூடினால் சில்லு கடினம். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். கடினமான சில்லு இலகுவாகச் சறுக்கும் என்பது சரி. அதை நம்பி, பூங்காக்களில் துள்ளி விளையாடுவதற்கான 52 மில்லிமீற்றர், 99ஏ சில்லோடு தார் வீதி இறக்கத்தில் இறங்கினால், அது பனிக்கட்டியில் போவதுபோல் திடீரென வழுக்கும், உடம்பெல்லாம் அதிரும், சின்னக் கல்லும் தடக்கும். மறுபக்கம், 78ஏ அளவில் மென்மையான, அகலமான, விளிம்பு கூராக வெட்டப்பட்ட சில்லு வீதியை விடாமல் பிடிக்கும். வேகத்தில் அதைக் குறுக்கே திருப்பினால் பலகை நின்றுவிடும், ஆள் பறப்பார்.

இரண்டுக்கும் இடையில், 65 முதல் 70 மில்லிமீற்றர் விட்டமும் 80ஏ முதல் 84ஏ வரை கடினமும் உள்ளதைக் கேளுங்கள். ஆனால் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. ஒவ்வொரு நிறுவனத்தின் கலவையும் வேறு என்பதால், ஒரே எண் கொண்ட இரண்டு சில்லுகள் இரண்டு விதமாகச் சறுக்கும். கையில் எடுத்துப் பாருங்கள். விளிம்பு உருண்டையாக இருக்க வேண்டும். தரையில் படும் பகுதி பளபளப்பின்றி, அரைத்து விட்டதுபோல் சொரசொரப்பாக இருந்தால் முதல் நாளே சீராகச் சறுக்கும். பளபளப்புத் தோல் உள்ளது, அந்தத் தோல் தேயும்வரை மாறி மாறிப் பிடித்து ஏமாற்றும். நிறத்தைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம்.

நடுவில் உள்ள கூடு, சில்லின் அகலத்துக்குச் சரி நடுவே அமைந்ததாக இருந்தால் இன்னொரு நன்மை உண்டு. சறுக்கும்போது ஒரு பக்கம் கூடத் தேயும். நடுக்கூட்டுச் சில்லைக் கழற்றி மறுபக்கம் புரட்டிப் போடலாம், முன்சில்லைப் பின்னுக்கும் மாற்றலாம். நாலு சில்லுக்குக் கொடுக்கும் காசு சின்னக் காசில்லை. இப்படி மாற்றிப் போட்டால் கணிசமான காலம் கூட ஓடும். பலகை முழுக் குறுக்காக நின்று, சில்லு சுழலாமல் இழுபட்டால் ஓரிடம் தட்டையாகிவிடும். பிறகு ஓடும்போது டொக் டொக் என்று சத்தம் கேட்கும். சத்தம் பலமாகவே கேட்டால் மாற்றத்தான் வேண்டும்.

வாங்கும் காசில் தலைக்கவசத்துக்கும், உள்ளங்கையில் கட்டிப் பிளாஸ்ரிக் ஒட்டிய கையுறைக்கும், முழங்கால் கவசத்துக்கும் முதலில் ஒதுக்குங்கள். அந்தக் கையுறை இல்லாமல் கோல்மன் முறையைப் பழகினால் உள்ளங்கைத் தோல் வீதியில் போய்விடும். பழகும் இடம் வாகனம் வராத, காய்ந்த, மெல்லிய சரிவாக, அடியில் தானாக நிற்கக்கூடிய சமதரையோடு இருக்கட்டும். மழை ஈரத்தில் சில்லு எப்படி நடந்துகொள்ளும் என்று பழகியவருக்கே சொல்ல முடியாது.