உடையவன் இல்லாவிடத்து உடைமை

உடையவன் எப்பொழுதும் தன் உடைமையின் அருகே நின்றுகொண்டிருத்தல் இயலாது. பூட்டிய வீடும், கரையிற் கட்டிய தோணியும், தெருவோரத்தில் நிறுத்திய வண்டியும் பிறருடைய நேர்மையைக் காவலாகக் கொண்டே நிற்பன. நிறுத்தி வைக்கப்பட்ட வண்டியொன்றை மோதிவிட்டு, எவரும் கண்டிலர் எனத் துணிந்து அகலும் சாரதி இக்காவலைத் தகர்ப்பவனாவான். அச்செயலின் விளைவுகளைச் சட்ட நோக்கிலும் நம் நாட்டு வரலாற்று நோக்கிலும் ஈண்டு ஆராய்வாம்.

நயினாதீவு செல்லும் அடியார்க்கு இப்பொருள் தொலைவானதன்று. யாழ்ப்பாணத்தினின்றும் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாக வருவோர்க்குக் குறிகட்டுவான் துறையிலே தரைவழி முடிகின்றது. அங்கே வண்டிகளை நிறுத்திவிட்டுப் படகேறுவர். நாகபூஷணி அம்மனின் ஆனித் திருவிழாக் காலத்தில் அத்துறையில் வண்டிகள் நெருங்கி நிற்கும். வண்டி இக்கரையிலும் உடையவர் அக்கரையிலுமாக, இடையே கடல் கிடக்கும். பின்னோக்கி எடுக்கப்படும் வானொன்று அருகில் நின்ற வண்டியின் முன்விளக்கை நொறுக்கினால், கேட்பாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை. சாரதியின் உள்ளம் ஒன்றே அங்குச் சான்று.

இந்நிகழ்ச்சியில் மூன்று கூறுகள் உள்ளன: மோதுதல், சேதம் விளைதல், நீங்கிச் செல்லுதல். முன்னிரண்டும் கவனக் குறைவால் நேரக்கூடியன. மூன்றாவதோ அறிந்தே செய்யப்படுவது. சட்டம் இவ்வேற்றுமையை நன்கு உணர்ந்துள்ளது. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின்படி, பிறர் பொருளைக் கெடுத்த குற்றத்துக்குக் கெடுக்கும் எண்ணமோ, கேடு விளையும் என்ற அறிவோ வேண்டும். ஆதலின் தவறுதலாக மோதியவன் அக்குற்றத்துக்கு ஆளாகான். கவனமின்றி ஓட்டியமைக்கு அவன் விடைகூற நேரலாம், அது வேறு. ஆனால், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம், விபத்துக்குப் பின் சாரதி செய்ய வேண்டிய கடமைகளைத் தனியே விதிக்கின்றது. வண்டியை நிறுத்துதல், பெயரும் முகவரியும் கொடுத்தல், பொலிஸ் நிலையத்தில் அறிவித்தல் என்பன அவை. இவற்றைப் புறக்கணித்து ஓடுவது, மோதியதனின் வேறாய குற்றமாகும்.

இவ்வேற்றுமையைத் தெளிவாக்கும் வழக்கொன்று 1948இல் இங்கிலாந்தில் எழுந்தது. இழுவை வண்டியொன்றின் பின்னே பூட்டப்பட்ட தொடர்வண்டி, நின்றுகொண்டிருந்த காரொன்றைச் சேதப்படுத்திற்று. இழுவை வண்டியின் பேரிரைச்சலாற் சாரதி அதனை அறிந்திலன். விபத்தை அறிவிக்கவில்லை என்று அவன்மீது சாட்டப்பட்ட குற்றத்தை விசாரித்த பிரதம நீதியரசர் கோடார்ட் பிரபு முதலியோர், ஒருவன் தான் அறியாததை அறிவித்தல் இயலாது எனக்கொண்டு அவனை விடுவித்தனர். இத்தீர்ப்பு ஓடுபவனுக்குப் புகலிடமன்று. மாறாக, அறிந்தவனுக்குத் தப்பும் வழியில்லை என்பதனையே உணர்த்துகின்றது. ஓசை கேட்டுத் திரும்பிப் பார்த்தவன், இறங்கிக் கீறலைத் தடவிப் பார்த்தவன், பின்பு அறியேன் எனல் எங்ஙனம்?

இனி, நட்டஈடு பற்றி நோக்குவாம். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த நம் தேசவழமை, முதுசொம், சீதனம், ஈடு முதலியவற்றை விரித்துரைப்பது. அது முழுமையான சட்டத்தொகுதியன்று. அது பேசாத இடங்களில் உரோம-ஒல்லாந்தச் சட்டமே நமக்கும் உரியதாகும். பிறர் பொருளைத் தவறினாற் சேதப்படுத்தியவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்னும் விதி, கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் உரோமாபுரியில் இயற்றப்பட்ட அக்கீலியச் சட்டத்திலிருந்து வழிவழியாக நம்மை வந்தடைந்தது. நின்ற வண்டி முறைகேடாக நிறுத்தப்பட்டிருந்ததாயின், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி இருவர் தவற்றையும் சீர்தூக்கி ஈட்டுத் தொகையைக் குறைக்க இடமுண்டு. ஆனால் அதனை ஆராய்தற்குரியது நீதிமன்றமே. ஓடுபவன் தானே நீதிபதியாகித் தீர்த்துக்கொள்ளலாகாது.

ஓடுதலால் உடையவர்க்கு நேரும் துன்பமோ பெரிது. இத்தகைய சேதத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டுமென 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் விதிக்கின்றது. எதிரி யாரென்றே தெரியாதவர் எவர்மீது தொடுப்பது? மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் செய்தவர், தம் வண்டியின் சேதத்துக்குத் தமது காப்புறுதியிலிருந்து யாதும் பெறார். முழுக் காப்புறுதி செய்தவர் அதனைக் கோரின், கோரிக்கையின்மைக்கு உரிய கழிவை இழக்க நேரும். வாடகை வான் ஓட்டிக் குடும்பம் காக்கும் ஒருவனுக்கு உடைந்த விளக்கொன்று பல நாள் உழைப்பாகும். ஓடியவனுக்கும் நன்மையில்லை. பின்னர் அகப்படுவானாயின், ஓட்டமே அவனுக்கெதிரான சான்றாகும். மது அருந்தினானோ, உரிமப் பத்திரம் இல்லாதவனோ என்ற ஐயங்களும் எழும். நின்றிருந்தால் ஒரு விளக்கின் விலையோடு முடிந்திருக்கும் காரியம், நீதிமன்றம்வரை நீளும்.

இத்தகைய நெறி நம் தீவுக்குப் புதியதன்று. நயினாதீவு அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153-1186) காலத்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகர் காக்கப்படல் வேண்டும் என்பதும், யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன என்பதும், சரக்கு மரக்கலமாயின் இருவர்க்கும் செம்பாதி என்பதும் அதன் செய்திகள். கரையில் ஒதுங்கிய பொருளைக் கண்டவன் கொள்வது எளிது. உடையவனோ வேற்று நாட்டவன். அவ்வாறாகவும் அவன் பங்கினைக் கல்லில் வெட்டிக் காத்தனர்.

தேர்க்காலிற் பட்ட கன்றுக்காக மகனை முறைசெய்த மனுநீதிச் சோழன் கதையை யாவரும் அறிவர். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டு ஆண்ட எல்லாளனைப் பற்றியும் அத்தகைய கதையை மகாவமிசம் கூறும். நம் பொருளுக்கு அணித்தாயது அந்நூல் கூறும் மற்றொரு நிகழ்ச்சியே. மன்னன் தேரிற் செல்லுகையில், நுகத்தின் முனை பட்டுத் தூபியொன்று சேதமுற்றது. அது மன்னன் எண்ணிச் செய்ததன்று. தூபியோ அவன் சமயத்தார்க்கு உரியதுமன்று. எனினும், அமைச்சர் எடுத்துரைத்ததும் அவன் தேரினின்று இறங்கி, வீதியிற் கிடந்து, சக்கரத்தால் தன் தலையைத் துணிக்குமாறு கூறினான். தூபியைச் சீர்செய்தலே தக்கது என அமைச்சர் தேற்ற, பெயர்ந்த 15 கற்களை மீளப் பதிக்க 15,000 காசு செலவிட்டான். வெற்றி கொண்டோர் மரபில் எழுந்த நூலே தோல்வியுற்றவனின் இச்சிறப்பைப் போற்றியுள்ளமை கருதத்தக்கது. அவன் செய்தன மூன்று: இறங்கினான், தவற்றை ஏற்றான், ஈடுசெய்தான். இன்றைய சட்டம் சாரதியிடம் வேண்டுவதும் ஏறத்தாழ இம்மூன்றுமே.

ஆகவே, நின்ற வண்டியை மோதியவர் முதலில் நிறுத்துக, உடையவரைத் தேடுக. அவர் படகேறிவிட்டாராயின், பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் என்பவற்றை எழுதிக் கண்ணாடியிற் செருகுக, துறையிலுள்ளோர்க்கும் சொல்லுக. அத்துடன் அமையாது, பொலிஸ் நிலையத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் அறிவிக்க. துண்டுக்கடிதம் பண்பின் அடையாளம். முறைப்பாடு சட்டத்தின் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இன்று துறைகளிலும் கடைவாயில்களிலும் கண்காணிப்புக் கமராக்கள் பெருகிவிட்டன. அவற்றுக்கு அஞ்சி நிற்பவன் சட்டத்துக்கு அமைந்தவன். அவை இல்லாவிடத்தும் நிற்பவனே அறத்துக்கு அமைந்தவன். மோட்டார்ச் சைக்கிளில் முதன்முதல் வீதிக்கு வரும் மாணவர்க்கு ஓட்டும் திறனைப் பிறர் கற்பிப்பர். இறங்கி நிற்கும் திறனைக் கற்பிக்கும் பொறுப்பு இல்லத்துக்கும் கல்லூரிக்கும் உரியதாகும்.