அம்மாயிக்கு ஒரு ஆள்

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டு கலைந்த பிறகு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் நடந்து பாருங்கள். கைக்குழந்தைகள், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக்காம்பராவில் இருக்கும். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், மகளும் மருமகனும் மலையில். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவின் மூலையில், பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்துபோன அம்மாயி மட்டும் கம்பளிக்குள் கிடப்பார். தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர். மகள் பகல் சாப்பாட்டுக்கு வரும்வரை படுத்த பக்கமே படுக்கை. ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இப்படி ஒரு வீட்டைக் காட்டுவார்கள்.

தானாக அசைய முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். பராமரிப்புப் பயிற்சியின் அரிச்சுவடி இது. இடுப்பும் குதிகாலும் அழுந்திக் கிடக்கும் இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து தோல் சிவக்கும். அந்தச் சிவப்பைக் கவனிக்காமல் விட்டால் புண்ணாகும், புண் எலும்புவரை இறங்கும். ஈரம் காயாத கம்பளியில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். கை கால் இழுப்போடு பிறந்த பிள்ளைக்கு ஊட்டவும் ஒரு முறை உண்டு. படுத்தபடி ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போகும். நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னுக்குச் சாய்த்து ஊட்டினால் இறங்கும். இதற்கெல்லாம் விலையுயர்ந்த மருந்தோ இயந்திரமோ தேவையில்லை, முறையாகப் பழகிய ஒரு ஆள் போதும். அந்த ஆள்தான் லயத்தில் இல்லை.

மலையகத்துப் பெண்களுக்கு இந்த வேலை புதிதல்ல. கொழும்பு வீடுகளிலும் வளைகுடா நாடுகளிலும் எத்தனையோ முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்தவர்கள் அவர்கள். இப்போது ஜப்பான் கதவைத் திறந்திருக்கிறது. 2019 ஏப்ரலில் ‘குறிப்பிட்ட திறன்’ விசாவை ஜப்பான் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் இலங்கையோடு உடன்பாடு கண்டது. முதியோர் பராமரிப்புக்குப் போக மொழித் தேர்வு, பராமரிப்புத் திறன் தேர்வு, பராமரிப்புக்கான ஜப்பானிய மொழித் தேர்வு எல்லாம் தேற வேண்டும். 2024 செப்டெம்பரில்தான் தோட்டத்தின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. தோட்டத்தை விட்டுப் போகும் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் ஆதங்கம் வேறு. பயிற்சி என்றாலே விமானநிலையத்துக்குப் போகும் வழி என்று ஆகிவிட்டது.

சக்கரம் வைத்த கட்டில், சுவரில் கைப்பிடி பொருத்திய குளியலறை, வீல்செயார் ஓடும் சமதரை. இவற்றை நினைத்து வெளிநாட்டுக்காக எழுதிய பாடம் லயத்து வாசலிலேயே நின்றுவிடும். இங்கே இருப்பது பலகைக் கட்டில் அல்லது பாய். கக்கூஸ் வெளியே, படி இறங்கிப் போக வேண்டும். நோயாளியைக் கம்பளியில் வைத்து நாலு பேர் ரோட்டுவரை தூக்கிப்போவது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. அதே கம்பளியை நீளவாக்கில் மடித்து இடுப்புக்குக் கீழே விரித்தால், இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அம்மாயியைத் தோல் உரசாமல் நகர்த்தலாம். பயிற்சி இங்கிருந்து தொடங்க வேண்டும். கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தலையில் தாங்கிப் பழகிய பெண்ணுக்கு, ஆளைத் தூக்கும்போது முழங்காலை மடித்துத் தொடையின் பலத்தில் எழும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பராமரிப்பவளும் ஒருநாள் அந்தக் கட்டிலுக்கே வந்துவிடுவாள்.

இன்னொன்று மொழி. குத்துது, கடுக்குது, உளையுது, எரியுது, மதமதன்னு இருக்குது என்று அம்மாயி சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு வலி. ‘எரியுது’ என்றால் சிறுநீர்த்தொற்றா என்று பார்க்க வேண்டும். ‘மதமதன்னு’ என்றால் சீனி வருத்தம் காலுக்கு இறங்கியிருக்கலாம், பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஞாபகம் தேய்ந்துபோகும் முதியவர்களிடம் இடையில் கற்ற மொழி முதலில் உதிர்ந்து, தாய்மொழியே கடைசிவரை மிஞ்சுவதுண்டு. ஆகவே தமிழில் பாடநூல், தமிழில் பயிற்றுநர், தமிழில் பரீட்சை என்று கேட்பதைச் சலுகை என்று யாரும் நினைக்கவேண்டாம். வேலைக்குத் தேவையான கருவியைத்தான் கேட்கிறோம்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1996இல் வந்தது, முதியோர் உரிமைச் சட்டம் 2000இல். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் 12.4 சதவீதத்தினர் 60 வயதை எட்டியவர்கள். ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 8.7 சதவீதத்தினர் ஏதோவொரு இயலாமையோடு வாழ்பவர்கள். ஆனால் சட்டம் வீடு தேடி வராது, ஆள்தான் வரவேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண மையத்தின் வழியில், 2001 முதல் அக்கம்பக்கத்து மனிதர்களையே பயிற்றுவித்து நோயாளியின் வீட்டுக்கு அனுப்பினார்கள். மருத்துவப் பின்னணி இல்லாத சாதாரண மக்கள் அவர்கள்.

எட்டு வருடம் தாயைப் பார்த்துக்கொண்ட ஒரு மகளிடம் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டால் தலை குனிகிறாள். குனிய வேண்டியதில்லை. தேசிய தொழிற் தகைமை முறையில் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தர ஒரு வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். அவள் செய்ததை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்ட வேண்டும், விடுபட்டதை மட்டும் கற்க வேண்டும். இதை லயத்து வாசலில் போய்ச் சொல்ல ஆள் வேண்டும். சான்றிதழ் பெற்றவளுக்குத் தோட்டத்திலேயே சம்பளத்தோடு ஒரு வேலையும் வேண்டும்.

நடக்காத காரியம் என்பவர்களுக்குப் புள்ளக்காம்பராவைக் காட்டுவேன். ஒரு காலத்தில் அது மலைக்குப் போக முடியாத ஆயா ஒருத்தி, தொட்டில் சேலைகளுக்கு நடுவே குச்சியோடு உட்கார்ந்திருந்த கொட்டகை. 1992இல் உருவான பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் காலத்தில் அது சிறுவர் அபிவிருத்தி நிலையம் ஆனது. ஆயாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் வந்தார். பிள்ளையின் எடையைப் பதிகிறார்கள், பாட்டும் படமும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பின்னேரம் தாய்மார் வந்து பிள்ளைகளைத் தூக்கிப் போன பிறகு அந்தக் காம்பரா காலியாகத்தான் கிடக்கிறது. கீழே விரிக்க ஒரு மெத்தை, மடிக்க ஒரு கம்பளி, சொல்லிக்கொடுக்கத் தமிழ் தெரிந்த ஒரு தாதி. முதல் வகுப்புக்கு இவ்வளவு போதும்.